18 பேருக்குப் போதுமாக இருந்த மூத்தோர் மையத்தில் 90 பேர் சேர்ந்தால்: பெரிய மண்டபமா, இரண்டாவது வேளையா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. கோவையில் உங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் தரைத்தளத்தில் ஒதுக்கிக் கொடுத்த 780 சதுர அடிக் கூடத்தில், இரண்டு ஆண்டுக்கு முன் 18 பெரியவர்களோடு மையத்தைத் தொடங்கினீர்கள். இப்போது பதிவேட்டில் 90 பெயர், நாளுக்கு 45 பேர் வருகை, பத்து மணிக்கு மேல் நாற்காலி போட இடமில்லை. பக்கத்துத் தெருக் கல்யாண மண்டபத்தின் முதல் மாடி வாடகைக்குக் கிடைக்கிறது. எடுக்கலாமா, சந்தா எவ்வளவு வைக்கலாம், பாதுகாப்புக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "ஆரம்பத்தில் வந்தவர்களில் சிலர் இப்போது வருவதில்லை." மண்டபத்தைப் பற்றிய கேள்விக்கும் விடை அந்த வரிக்குள்தான் இருக்கிறது.

18 பேர் இருக்கும்போது ஒருவர் வராவிட்டால் மற்ற 17 பேருக்கும் தெரியும். "சுப்பையா சார் ரெண்டு நாளா காணமே" என்று யாராவது கேட்பார், சாயங்காலமே ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். 45 பேரில் ஒருவர் குறைவது யார் கண்ணிலும் படாது. முதலில் விலகுபவர்கள் பெரும்பாலும் காது மந்தமானவர்கள். நான்கு மின்விசிறி, கேரம் காயின் சத்தம், மூன்று மூலையில் மூன்று பேச்சு. இந்த இரைச்சலில் எதிரே இருப்பவர் சொல்வது பாதிதான் பிடிபடும். இரண்டு தடவை "என்ன?" என்று கேட்பார், மூன்றாவது தடவை சிரித்துத் தலையாட்டுவார், அடுத்த வாரம் "முட்டி வலி" என்று வீட்டிலேயே இருந்துவிடுவார். இவர்களுக்குப் பெரிய மண்டபம் இன்னும் மோசம், கூரை உயர உயர எதிரொலிதான் கூடும்.

ஆகவே முதல் வேலை, 90 பேரையும் 12 முதல் 15 பேர் கொண்ட குழுக்களாகப் பிரிப்பது. தெரு வாரியாகப் பிரித்தால் வீடு தெரியும், நடந்து வரத் துணையும் கிடைக்கும். குழுவுக்கு இரண்டு பொறுப்பாளர்கள், முடிந்தால் ஒரு ஆண், ஒரு பெண். பொறுப்பாளரின் கடமை ஒன்றே ஒன்று: குழுவில் ஒருவர் தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் தொலைபேசியில் கூப்பிடுவது, ஒரு வாரம் ஆனால் நேரில் போய்ப் பார்ப்பது. வாட்ஸ்அப்பில் "ஏன் வரவில்லை?" என்று போடுவது இதில் சேராது. வருகைப் பதிவேட்டையும் தேதிவாரியாக வைக்காமல் பெயர்வாரியாக, பள்ளி வருகைப் பதிவேடு போல, ஒரு மாதம் ஒரு பக்கத்தில் தெரியும்படி வையுங்கள். வரிசையாகக் காலிக் கட்டங்கள் இருந்தால் பார்த்ததும் கண்ணில் படும். புதிதாகச் சேர்பவரைப் பெயர் எழுதிக்கொண்டு "அங்கே உட்காருங்க" என்று விட்டுவிடக்கூடாது. முதல் நான்கு வருகைக்கு அவர் குழுவைச் சேர்ந்த ஒருவர் பக்கத்திலேயே இருக்கட்டும். முதல் நாள் சுவரோரம் தனியாக உட்கார்ந்து போனவர் இரண்டாம் முறை வருவது அபூர்வம்.

இப்போது இடக் கணக்கு. 780 சதுர அடியில் அலமாரி, மேசை, நடைபாதைக்கு 130 போனால் 650 மிஞ்சும். வட்டமாக நாற்காலியில் உட்கார ஆளுக்குச் சுமார் 16 சதுர அடி வேண்டும், அப்படியானால் 40 பேர். கையை விரித்து உடற்பயிற்சி செய்ய ஆளுக்கு 30 சதுர அடி, அப்படியானால் 21 பேர். இதே கூடத்தை இரண்டு வேளையாக நடத்தினால் வேளைக்கு 22 முதல் 25 பேர்தான் வருவார்கள், உட்காரத் தாராளம், பயிற்சிக்குக் கொஞ்சம்தான் நெருக்கம். நேரத்தைத் தீர்மானிக்கும்போது வீட்டுக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பேரப்பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றி, சமையலை முடித்துவிட்டுப் பெண்கள் கிளம்பப் பத்தரை ஆகும். மூன்றரைக்கு வேன் திரும்பி வரும்போது வாசலில் நிற்க வேண்டும். அதனால் 10.30 முதல் 12.30 வரையான நேரத்தைப் பெண்கள் பெரும்பான்மையாக வரும் வேளையாக விட்டுவிடுங்கள். ஆண்களை மாலை 4.30 முதல் 6.30 வரைக்கு நகர்த்துவது எளிது. செய்தித்தாளைப் படித்து முடித்தபின் அவர்களுக்கு எந்த நேரமும் ஒன்றுதான். தம்பதியராக வருபவர்கள் எந்த வேளையிலும் வரட்டும், அதில் கறார் வேண்டாம்.

மின்தூக்கி இல்லாத முதல் மாடியை, இலவசமாகக் கொடுத்தாலும், எடுக்காதீர்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏறுவதைவிட இறங்குவதில்தான் விழுவார்கள். அது மட்டுமல்ல, படி ஏற முடியாதவர் "என்னால் முடியாது" என்று வந்து சொல்ல மாட்டார், பேசாமல் நின்றுவிடுவார். மையம் யாருக்காக இருக்கிறதோ அவர்களையே படிக்கட்டு வடிகட்டிவிடும். மண்டபத்துக்குக் கொடுக்கும் ஆறு மாத வாடகையை இருக்கிற கூடத்திலேயே போடலாம். வாசலில் தொடங்குங்கள். செருப்பைக் கழற்ற ஒற்றைக் காலில் நின்று குனியும் அந்த ஒரு நொடி மிக ஆபத்தானது. அங்கே கைப்பிடி உள்ள நாற்காலி ஒன்றும், சுவரில் 80 முதல் 90 செ.மீ. உயரத்தில் ஒரு பிடிகம்பியும் போடுங்கள். கழற்றிய செருப்புகள் நடைவழியில் குவியாதபடி ஒரு செருப்புத் தட்டும் வேண்டும். நிலைப்படி, வாசற்படி ஓரங்களில் இரண்டு அங்குலப் பட்டையாக மஞ்சள் பெயின்ட் அடியுங்கள். ஒரே நிற டைல்ஸில் படி எங்கே முடிகிறது என்பது கண்புரை உள்ளவருக்குத் தெரியாது. சாய்தளம் கட்டினால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். கொத்தனாரிடம் விட்டால் இடம் மிச்சம் என்று நாலடியில் முடித்துவிடுவார், அது சறுக்கு மரமாகத்தான் இருக்கும்.

கழிப்பறையில் முதல் எதிரி ஈரம். வாளியும் குவளையும் இருக்கும் வரை தரை நனையத்தான் செய்யும். கைக்குழாய் மாட்டி வாளியை வெளியே எடுங்கள், வேளைக்கு இரண்டு முறை தரையைத் துடைக்க ஆளை நியமியுங்கள். மேற்கத்திய இருக்கை 45 முதல் 48 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், பக்கத்துச் சுவரில் உடல் எடையைத் தாங்கும் பிடிகம்பி வேண்டும், துண்டு போடும் கம்பி அதற்கு ஆகாது, இழுத்தால் கையோடு வந்துவிடும். கதவு வெளிப்பக்கம் திறக்கவேண்டும், தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்க வழி இருக்கவேண்டும். உள்ளே மயங்கி விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. நாற்காலி விஷயத்தில், கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கல்யாண வீட்டுக்கே விட்டுவிடுங்கள். கைப்பிடி உள்ளவற்றையும் மாதம் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள், கால் சேரும் மூலையில்தான் முதல் விரிசல் விழும்.

உடற்பயிற்சியைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது இருக்கிறது. சமநிலைப் பயிற்சியும் கால் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் சேர்ந்த திட்டம் விழுவதைக் குறைக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019-ல் நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைப் பார்த்ததில், எல்லா வகை உடற்பயிற்சிக்கும் சேர்த்து இந்தக் குறைவு சுமார் 23 விழுக்காடு, இப்படிச் சேர்ந்த திட்டத்தில் சுமார் 34. வெறும் நடைப்பயிற்சிக்கு அந்த அளவு சான்று இல்லை. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் இத்தகைய பயிற்சியை வாரத்தில் மூன்று நாளாவது செய்யவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். மையத்தில் 40 நிமிடம் போதும். உட்கார்ந்தபடி கை, கால், கழுத்தைத் தளர்த்த 8 நிமிடம். பிறகு கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 8 முறை வீதம் இரண்டு சுற்று. நாற்காலி முதுகைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது 10 முறை வீதம் இரண்டு சுற்று. காலைப் பக்கவாட்டில் தூக்குவது. கடைசியாகச் சுவரோரம் குதிகாலும் விரலும் தொட அடி வைத்து நடப்பது. நாற்காலியின் முதுகு சுவரில் சாய்ந்திருக்கவேண்டும், டைல்ஸில் அது பின்னால் நகர்ந்துவிடும். யோகா ஆசிரியர் வந்தால் சிரசாசனம், சர்வாங்காசனம், மூச்சை நெடுநேரம் அடக்குவது ஆகியவை இந்தக் கூடத்தில் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இரத்த அழுத்தமும் கண்ணின் உள் அழுத்தமும் (குளுக்கோமா) உள்ளவர்களுக்கு அவை ஆகா. எலும்பு தேய்ந்தவர்கள் முழுதாக முன்குனிவதும் வேண்டாம்.

சேரும்போதும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் ஓர் எளிய சோதனை செய்யலாம். நாற்காலியிலிருந்து மூன்று மீட்டர் தள்ளித் தரையில் ஒரு கோடு. எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்காரவேண்டும். 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவராகத் தனியே அழைத்துச் செய்யுங்கள். எல்லோர் முன்னாலும் செய்தால் போட்டியாகிவிடும், வேகமாகத் திரும்பி அங்கேயே விழுவார்கள்.

குறுக்கெழுத்து, சுடோகு, நினைவாற்றல் விளையாட்டு ஆகியவை மறதி நோயைத் தடுக்கும் என்று துண்டறிக்கையில் போட நினைக்கிறீர்கள். அதைப் போடாதீர்கள், அதற்கான சான்று பலவீனமானது. விளையாட்டுகளை அவை தரும் மகிழ்ச்சிக்காகவே நடத்தலாம். பல்லாங்குழி, தாயம், ஆடு புலி ஆட்டம் ஆகியவற்றுக்கு விதி சொல்லித்தர ஆளே தேவையில்லை, உங்கள் உறுப்பினர்கள்தான் ஆசிரியர்கள். கூட்டாகப் பாடுவதும் அப்படியே, பாட்டுக்குப் பாட்டு என்றால் வாய் திறக்காதவரும் திறப்பார். பஜனையை வாரம் ஒரு நாள் தனியாக வையுங்கள், தினசரி நிகழ்ச்சியாக ஆக்கவேண்டாம்; உங்கள் 90 பேரில் எல்லா மதத்தாரும் இருப்பார்கள்.

அவசர நிலைக்கு ஆளுக்கு ஓர் அட்டை: பெயர், வயது, இரத்த வகை, நோய், உட்கொள்ளும் மருந்து, ஒவ்வாமை, வழக்கமாகப் போகும் மருத்துவமனை, இரண்டு தொலைபேசி எண்கள். ஒன்று வெளிநாட்டில் இருக்கும் மகனுடையதாக இருந்தால் மற்றது அதே ஊரில் இருப்பவருடையதாக இருக்கவேண்டும். வேளைக்கு இரண்டு பேராவது நான்கு விஷயத்தைப் பழகியிருக்கட்டும். வாய் கோணல், ஒரு கை தொய்வு, பேச்சுக் குழறல், இதில் ஒன்று வந்தாலும் பக்கவாதம் என்று எடுத்துக்கொண்டு, மணியைக் குறித்துக்கொண்டு 108. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், ஆகவே எப்போது தொடங்கியது என்பதுதான் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி. தண்ணீரோ காப்பியோ வாயில் ஊற்றக்கூடாது. நெஞ்சு வலி, மூச்சு முட்டல் என்றால் நடக்க விடாமல் உட்காரவைத்து 108. விழுந்தவரை உடனே நாலு பேர் சேர்ந்து தூக்கக்கூடாது. இடுப்பில் வலி, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் அப்படியே கிடத்தி ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்கவேண்டும். நான்காவது, சர்க்கரை நோயாளிக்கு வியர்த்து, கை நடுங்கி, பேச்சுத் தடுமாறினால் தாழ்சர்க்கரை. நினைவு இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும்; நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் போடக்கூடாது. இது பெரும்பாலும் காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வருபவர்களுக்கு வரும். பயிற்சிக்கு முன் "சாப்பிட்டாச்சா?" என்று ஒருவர் கேட்டுவிட்டாலே பாதி தடுத்துவிடலாம்.

தேநீர்த் தட்டில் ஒரு சிறு ஏற்பாடு. சர்க்கரை இல்லாத டம்ளருக்கு ரப்பர் பேண்ட் மாட்டிவிடுங்கள். கூட்டம் கூடியபின் "இது சக்கரை போட்டதா, போடாததா?" என்று கேட்டுக் குழம்புவது நிற்கும். ஏப்ரல், மே மாதங்களில் தேநீரோடு நீர்மோரும் வேண்டும். வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது, கேட்டால் "வேண்டாம்" என்பார்கள், கையில் கொடுத்தால் குடிப்பார்கள். சிறுநீரகக் கோளாறுக்காகவும் இதய நோய்க்காகவும் நீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்களின் பெயர் மட்டும் பரிமாறுபவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

சந்தாவுக்கு வருவோம். விலைகள் இடத்துக்கு இடம் மாறும், கணக்குப் போடும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தேநீரும் சுண்டலும் ஆளுக்கு 12 ரூபாய் என்றால் 45 பேருக்கு நாளுக்கு 540, மாதம் 25 நாளுக்கு 13,500. இரண்டு வேளைக்கும் உதவியாளர் ஒருவர் 12,000. பயிற்சியாளர் மாதம் 13 வகுப்பு, வகுப்புக்கு 500 வீதம் 6,500. மின்சாரம், துப்புரவு, பழுது 5,000. மொத்தம் 37,000. இதை 90 ஆல் வகுத்து 411 என்று வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பதிவேட்டில் பெயர் இருப்பவர்கள் எல்லோரும் மாதாமாதம் கட்டமாட்டார்கள், 70 விழுக்காடு என்று, அதாவது 63 பேர் என்று, வைத்துக் கணக்கிடுங்கள். தேநீர்ச் செலவைத் தனியே பிரித்து நன்கொடையில் விடலாம். பெற்றோர் திதி, பிறந்தநாள், சஷ்டியப்த பூர்த்தி, சதாபிஷேகம் என்று ஒரு நாளை ஏற்க ஆள் கிடைப்பார்கள், 540 ரூபாய் என்பது யாரும் தயங்காத தொகை. மிச்சம் 23,500-ஐ 63 பேருக்குப் பிரித்தால் சுமார் 375. இதில் 200 சந்தா, மீதியை நலச் சங்கமும் வசதி உள்ளவர்களும் ஏற்கட்டும். கட்ட இயலாதவர் யார் என்பது பொருளாளரைத் தவிர யாருக்கும் தெரியக்கூடாது. மூன்று மாதச் செலவான 1,11,000 கையிருப்பில் சேரும்வரை ஒலிபெருக்கி, தொலைக்காட்சி, சுற்றுலாப் பேருந்து எதுவும் வேண்டாம்.

பணம் செயலாளரின் சொந்த ஜிபே எண்ணுக்கு வருவதை இந்த மாதமே நிறுத்துங்கள். அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும், நாளைக்கு அவர் மருத்துவமனையில் படுத்தால் மையத்தின் பணமும் அவரோடு படுத்துவிடும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி ஏழு உறுப்பினர் இருந்தால் மாவட்டப் பதிவாளரிடம் தனிச் சங்கமாகப் பதியலாம். நலச் சங்கத்தின் துணைவிதியிலேயே மையத்துக்கு ஒரு துணைக் குழு அமைக்க இடம் இருந்தால் அதுவும் போதும், ஆனால் வங்கிக் கணக்கு தனி, கையெழுத்து இருவர். நன்கொடை தருபவர்களுக்கான வருமான வரிச் சலுகை (80ஜி என்று அறியப்படுவது) வேண்டுமா என்பதை உங்கள் தணிக்கையாளர்தான் சொல்லவேண்டும். அது கிடைத்தாலும் 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்குச் செல்லாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மையம் வளர்ந்தது வெளியே தெரிந்தவுடன் விற்பவர்கள் வருவார்கள். காந்தப் படுக்கை, மூட்டு வலி எண்ணெய், "இலவச" பரிசோதனை முகாம், மாதம் 2 விழுக்காடு வட்டி தரும் நிதித் திட்டம். 45 பெரியவர்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பது அவர்களுக்குப் பெரிய சந்தை. விற்பனைக்கோ முதலீட்டுக்கோ கூடத்தில் யாரும் பேசக்கூடாது என்று ஒரே வரியில் விதி எழுதி ஒட்டுங்கள். உறுப்பினரின் மருமகனே முகவராக வந்தாலும் அதுதான் விதி. போலீஸ் என்று சொல்லி வீடியோ அழைப்பில் மிரட்டும் 'டிஜிட்டல் கைது' என்று சட்டத்தில் எதுவும் இல்லை, பணம் போய்விட்டால் உடனே இணையக் குற்ற உதவி எண் 1930 என்பதையும் மாதம் ஒருமுறை சொல்லுங்கள். வாரம் ஒரு மணி நேரம் உதவி மேசை வைத்தால் நல்ல பலன் உண்டு: மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பரில் கைப்பேசி வழியாக உயிர்ச் சான்று (80 கடந்தவர்களுக்கு அக்டோபரிலேயே தொடங்கலாம்), 70 வயது நிறைந்தவர்களுக்கு ஐந்து லட்சம் வரை மருத்துவக் காப்பீடு தரும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை, இரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மக்களைத் தேடி மருத்துவம்.

யாரைச் சேர்ப்பது என்பதில் ஒரு கோடு போட்டே ஆகவேண்டும். இது செயல்பாட்டு மையம், பகல்நேரப் பராமரிப்பு இல்லம் அல்ல. தானாகக் கழிப்பறைக்குப் போகமுடியாதவர், வழி தவறி வெளியே போய்விடக்கூடிய மறதி நோயாளி ஆகியோர் துணையாள் ஒருவரோடு வரட்டும். இதைச் சொல்லத் தயங்கி ஏற்றுக்கொண்டால் அன்றைய தன்னார்வலர் இருவரும் அவர் பின்னாலேயே நிற்பார்கள், மற்ற 20 பேரும் கவனிப்பாரற்று இருப்பார்கள். பகல் முழுதும் பார்த்துக்கொள்ள இடம் தேவைப்படும் குடும்பத்துக்கு, 2025-26 நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்த 25 அன்புச்சோலை மையங்களைப் பற்றி மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். வீட்டில் கவனிப்பில்லை, அடிக்கிறார்கள், சொத்தை எழுதி வாங்கிக்கொண்டார்கள் என்று யாராவது சொன்னால் நீங்களே பஞ்சாயத்துப் பேசப் போகவேண்டாம். மறுநாள் அவரை மையத்துக்கே அனுப்பமாட்டார்கள். முதியோர் உதவி எண் 14567-ஐயும், 2007-ம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம் என்பதையும் தனியே சொல்லுங்கள். எப்போது கொடுப்பது என்பது அவர் முடிவு.

சண்டை வரும். கேரம் பலகையை நான்கு பேர் பிடித்துக்கொள்வது, "இது என் நாற்காலி", காசு வைத்துச் சீட்டு, தேர்தல் நேரத்து வாக்குவாதம் என்று வழக்கமானவைதான். பலகைக்கு 45 நிமிட முறை, காசு வைத்தால் ஒரு வாரம் சீட்டுக் கட்டு பூட்டிவைப்பு, இந்த இரண்டும் எழுத்தில் இருந்தால் போதும். இதைவிடக் கவலைப்படவேண்டியது பொறுப்பாளர்களின் சோர்வு. தொடங்கியவர்களே எல்லாவற்றையும் செய்துகொண்டிருப்பார்கள், அவர்களுக்கும் எழுபதைத் தாண்டியிருக்கும். சாவி, கணக்கு, சமையல்காரர் எண், மின்கட்டண இணைப்பு எண் ஒவ்வொன்றும் இரண்டு பேருக்குத் தெரியவேண்டும். பதவிக்காலம் இரண்டு ஆண்டு என்று வைத்துவிட்டால் விலகுபவருக்கும் மனத்தாங்கல் இருக்காது.

இரண்டாவது வேளையைத் தொடங்கும் முதல் மாதம் மாலையில் எட்டுப் பத்துப் பேருக்கு மேல் வரமாட்டார்கள், "பழையபடியே எல்லாரும் காலையிலயே வந்துடலாம்" என்று குழுவில் பேச்சும் எழும். மூன்று மாதம் பொறுங்கள். கேரம் பலகை இரண்டையும் மாலைக்கு மட்டும் என்று மாற்றிப் பாருங்கள், ஆண்களில் பாதிப் பேர் அதன் பின்னாலேயே போய்விடுவார்கள். காலைக் கூடத்தில் சத்தமும் குறையும். அதன் பிறகு, வராமல் நின்ற அந்தப் பழைய ஆட்களின் வீட்டுக்கு ஒருவர் போய் "இப்ப கூட்டம் இல்லை, வந்து பாருங்க" என்று கூப்பிடட்டும்.